வெத்தலைக்கு ஈரம்... கேமராவுக்கு?

ஓசி பைக்னா பெட்ரோல் போட்டுக் கொடுத்துடலாம். ஓசி கேமரா அப்படி இல்லை மக்களே! அதுவும் அண்ணன் முதல் சம்பளத்துல வாங்கின டிஜிட்டல் கேமரா. "ஒரு கீறல் விழுந்துச்சுன்னா வீட்டுப் பக்கம் வராதே" என்ற ஆசீர்வாதத்தோடுதான் சோழவந்தானுக்குக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நண்பனின் கார், ஃபுல் ஏசி. வழியெல்லாம் தென்னையும் வயலும். எனக்கு வேண்டியது கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் இருந்தே போகணும்னு ஆசை.

கொடிக்காலுக்குள் நுழைந்தால் ஜில்லுனு வேறொரு உலகம். அகத்தி மரங்களைப் பிடித்து ஏறிய கொடி, மேலே நிழல், காலடியில் ஈரம். கேமராவை ஆன் பண்ணினேன். படத்தில் வெறும் வெள்ளைப் புகை! லென்ஸ் முழுக்க ஆவி. அவசரமாகச் சட்டை நுனியை இழுத்தேன். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"விடுப்பா தம்பி, தானா காயும். எங்க வெத்தலைக்குத்தான் ஈரம் வேணும். உன் பெட்டிக்கு எதுக்கு?"

ஏசியில் குளிர்ந்த கண்ணாடி, ஈரக் காற்றைப் பார்த்ததும் வியர்க்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆஃப் பண்ணிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தேன், தெளிந்தது. ஏசியில் இருக்கும்போதே கேமராவை ஒரு பிளாஸ்டிக் கவரில் இறுக்கமா மூடி, வெளியே வந்து சூடு சமமான பிறகு பிரித்திருந்தால் இந்த வம்பே இல்லை. உண்மையான வில்லன் அப்புறம் வருவான்: ஈரத்தோடு பீரோவில் பூட்டி வைத்தால் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்க. அதுவும் ஈரம் குடித்துத் தீர்ந்ததும் மாற்றணும்.

அடுத்து வைகை. தண்ணீர் கொஞ்சம், மணல் நிறைய. எதிரே தென்கரை. நல்ல காற்று. நான் ஜூமை நீட்டி வைத்துக்கொண்டு போஸ் கொடுக்க, 'கரகர'ன்னு ஒரு சத்தம். லென்ஸ் பாதியில் நின்றது. வயிறு கலங்கிடுச்சு!

மணலில் குவார்ட்ஸ் இருக்கு. அது கண்ணாடியை விடக் கடினம். துடைத்தால் கீறும், அழுத்தினால் உள்ளே போகும். நல்லவேளை கை வைக்கலை. பேட்டரியைக் கழற்றி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதியால் மெதுவா ஊதினேன். வாயால் ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். நாலு மணல் துகள் உதிர்ந்தது. பேட்டரியைப் போட்டு ஆன் பண்ணினால்... உள்ளே போச்சு, வெளியே வந்துச்சு!

வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேணும். கூட்டம், புழுதி, மஞ்சள் தண்ணீர். தண்ணீர் உள்ளே போயிருச்சுன்னா ஆன் பண்ணிப் பார்க்கவே கூடாது. பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துட்டு நேரா மெக்கானிக். அரிசி மூட்டைக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், தூசுதான் சேரும்.

ராத்திரி அண்ணனிடம் கேமராவைக் கொடுத்து, மணல் விஷயத்தையும் சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் பேசலை. டியூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் கேட்டான், "எனக்கு வெத்தல வாங்கிட்டு வந்தியா?"