ஒரே மணிக்கயிறு, இரண்டு வீடு

இப்போதெல்லாம் பிரின்டர் வாங்கி ஒயரைச் செருகினால் போதும், கம்ப்யூட்டரே அதை அடையாளம் கண்டுகொள்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படியில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் நாம்தான் முகவரி கொடுக்க வேண்டும், அது எந்த மணியை அடிக்க வேண்டும் என்றும் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையில் ஊர் ஊராகப் போய் வந்த காலத்தில் என் பையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவும் இருக்கும். அதற்குள் மிளகு அளவில் கறுப்பு ஜம்பர்கள். முகவரியும் மணியும் அவற்றால்தான் மாறும்.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கம்ப்யூட்டருக்குள் 'பஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு நீளத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரின்டர் கார்டு, டேப் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அந்தத் தெருவில் உள்ள வீடுகள். வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. முதல் பிரின்டர் பெரும்பாலும் 378-இல் இருக்கும், இரண்டாவது 278-இல். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவாரோ, அதே பாட்டைத்தான் கம்ப்யூட்டரும் படும்.

இன்னொன்று மணி. அதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர். பிராசஸர் ஒவ்வொரு வீடாகப் போய் "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதன் பொழுது அதிலேயே போய்விடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மணிக்கயிறு. வேலை முடிந்த கார்டு கயிற்றை இழுக்கும். கையில் இருப்பதைச் சற்று நிறுத்திவிட்டு பிராசஸர் அதைக் கவனிக்கும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் எட்டே கயிறுகள்தான். அவற்றில் கடிகாரத்துக்கு ஒன்றும் கீபோர்டுக்கு ஒன்றும் போய்விடும். 1984-இல் வந்த ஏடி மாடலில் பதினாறு. அதிலும் ஒன்று இரண்டு சிப்புகளை இணைக்கவே செலவாகிவிட, மிச்சம் பதினைந்து. சிறிய எட்டு பிட் கார்டுகளுக்கு அந்தப் பதினைந்தும் எட்டாது. அவற்றின் குட்டைச் செருகியில் 2 முதல் 7 வரைதான் உண்டு.

கார்டில் ஜம்பரை மாற்றினால் மட்டும் போதாது. யூனிக்ஸ் ஓடிய இயந்திரங்களில் அதே எண்களைக் கெர்னலுக்கும் சொல்ல வேண்டும். இயங்கு தளத்தின் நடு உயிர் அதுதான். எஸ்சிஓ யூனிக்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி இருக்கும்: பெயர், வேண்டுமா வேண்டாமா, மணியைப் பகிரலாமா, மணி எண், முகவரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. அதைத் திருத்திவிட்டு கெர்னலையே புதிதாகக் கட்ட வேண்டும். சில நிமிஷம் பிடிக்கும். பழைய கெர்னல் வேறு பெயரில் பத்திரமாக இருக்கும். புதியது எழுந்திருக்கவில்லை என்றால், பூட் செய்யும்போது பழையதன் பெயரைத் தட்டி உயிர் கொடுக்கலாம்.

இந்த எண்கள் ஒரு கிளையின் கணக்கையே எப்படி ஆட்டிவிட்டன என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

1993 மார்ச் கடைசி. காவிரிக் கரையோரம் ஒரு ஊரில் ஒரு வங்கிக் கிளை. ஒரே ஒரு யூனிக்ஸ் இயந்திரம், அதிலிருந்து கவுன்டர்களுக்கு எட்டு டெர்மினல். 1984-இல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்த பிறகுதான் வங்கிகளில் இயந்திரங்கள் வேகமாக நுழைந்தன. இந்தக் கிளையில் அந்த ஜனவரியோடு கைப்பேரேட்டை நிறுத்திவிட்டார்கள். கணக்கு முழுவதும் அந்த ஒரு பெட்டியில். தினமும் இரவு டேப்பில் ஒரு நகல், அவ்வளவுதான்.

வட்டிப் பட்டியல் அச்சிட 26ஆம் தேதி இரண்டாவது பிரின்டர் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். அன்று இரவிலிருந்து டேப் பாதியில் நின்றது. டேப் டிரைவ் பழுது என்று வேறொருவர் வந்து புது டிரைவ் மாற்றினார். பகலில் சோதித்தபோது நன்றாக ஓடியது. இரவில் மறுபடி நின்றது. 30ஆம் தேதி மாலை என்னை அனுப்பினார்கள்.

தலைமைக் கணக்கர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். மேசைக்கு எதிரே என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "தம்பி, இந்த வருஷம் பேரேட்ட மூடிட்டோம். இந்தப் பெட்டி போச்சுன்னா எங்கிட்ட எழுதி வெச்சது ஒண்ணும் இல்ல. எத்தனை பேரோட பென்ஷன் பணம் இதுல கெடக்கு தெரியுமா?"

முதலில் டேப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். 25ஆம் தேதி டேப் முழுசாகப் படித்தது. 26, 27, 29 மூன்றும் அரைகுறை. அதாவது நாலு நாள் வரவு செலவுக்கு ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு நகல் கிடையாது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கணக்குக் கோப்புகளை ஃபிளாப்பியில் எடுத்தே ஆக வேண்டும் என்றேன். பதினான்கு ஃபிளாப்பி பிடித்தது. ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகு மேனேஜர் அவற்றை லாக்கரில் வைத்துப் பூட்டினார். மணி ஒன்பதாகிவிட்டது.

பிறகு டேப்பை ஓடவிட்டேன். சீராக ஓடியது. வட்டிப் பட்டியலை அச்சுக்கு அனுப்பச் சொன்னேன். புது பிரின்டர் கரகரவென்று தொடங்கிய அடுத்த நொடியே டேப் மூச்சு விடாமல் நின்றது. பகலில் டேப்பைச் சோதித்தபோது இந்த பிரின்டர் சும்மா இருந்திருக்கிறது. இரவில் இரண்டும் சேர்ந்து ஓடின. காதுக்கே விடை கிடைத்துவிட்டது.

கெர்னல் வரிகளைத் திறந்தேன். டேப்புக்கு மணி எண் 5. இரண்டாவது பிரின்டருக்கும் 5. இரண்டு வரியிலும் மணியைப் பகிரலாம் என்று குறித்திருந்தது. அதனால் கெர்னல் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் கம்பிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பிரின்டர் கார்டு விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கயிற்றைத் தன் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும். டேப் எவ்வளவு இழுத்தாலும் மணி அடிக்காது. அழைப்பு வராததால் கெர்னல் காத்திருக்கும், டேப்பும் காத்திருக்கும். ஏட்டில் பாகப்பிரிவினை எழுதியாகிவிட்டது, வீட்டில் ஒரே கிணறு என்பதுபோல.

யாரை மாற்றுவது? அந்த பிரின்டர் கார்டில் 5, 7 இரண்டுக்குத்தான் ஜம்பர் உண்டு. 7-இல் முதல் பிரின்டர் இருந்தது. டேப் கார்டு எட்டு பிட் கார்டு, அதனால் 10, 11 எல்லாம் சும்மா கிடந்தும் பயனில்லை. 3-இல் டெர்மினல்களின் கார்டு. 6-இல் ஃபிளாப்பி. மிச்சம் 4. அது முதல் சீரியல் போர்ட்டுக்கு உரியது. அந்த போர்ட்டில் எதுவும் செருகியிருக்கவில்லை. அதை ஜம்பரால் முடக்கி, கெர்னலிலும் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு, டேப்பை 4-க்குக் கொண்டுபோனேன். பகிரலாம் என்ற குறிப்பை இரண்டு வரியிலிருந்தும் எடுத்தேன். இனி யாராவது இரண்டு பேருக்கு ஒரே மணியைக் கொடுத்தால் கெர்னல் கட்டும்போதே சண்டை தெரிந்துவிடும்.

புதுக் கெர்னல் எழுந்தது. டேப், இரண்டு பிரின்டர், எட்டு டெர்மினல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். டேப் கடைசி வரை ஓடி, தானே பின்னால் சுற்றிக்கொண்டது. அதைத் திரும்பப் படித்து, கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டபோது இரவு ஒன்றரை மணி. வாட்ச்மேன் எங்கிருந்தோ டீ வாங்கி வந்தார்.

தலைமைக் கணக்கர் அப்போதும் வீட்டுக்குப் போகவில்லை. மூடி வைத்திருந்த பழைய பேரேட்டில் காலிப் பக்கம் ஒன்றைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றார். சாதனத்தின் பெயர், முகவரி, மணி எண், மாற்றிய தேதி, மாற்றியவர் கையெழுத்து என்று ஐந்து பத்தி. முத்து முத்தான எழுத்து. கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "இனிமே யார் பெட்டியத் தொறந்தாலும் மொதல்ல இதுல எழுதணும்" என்றார். மறுநாள் ஆண்டு இறுதிக் கணக்கு சிக்கலில்லாமல் முடிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கிளைக்குப் போனாலும் இப்படி ஒரு பக்கத்தை எழுதச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அதற்கு முந்தைய வருஷமே பிசிஐ பஸ் பிறந்துவிட்டது. அதில் மணியை உண்மையாகவே பகிர்ந்துகொள்ளலாம். 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது 'பிளக் அண்ட் பிளே' என்ற சொல் வீடு வரை வந்தது. இன்றைய கார்டுகள் பலவற்றுக்குக் கயிறே கிடையாது. மணியை இழுப்பதற்குப் பதில் குறிப்பிட்ட முகவரியில் ஒரு சின்னச் செய்தியை எழுதிவிடுகின்றன.

எண்கள் மறைந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். நம் கைப்பேசிக்குள் இருக்கும் சிப்பில் எந்தச் சாதனம் எந்த முகவரியில், எந்த மணியோடு இருக்கிறது என்பதை 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பில் ஒரு பொறியாளர் உட்கார்ந்து எழுதித்தான் கொடுக்கிறார். கெர்னல் அதைப் படித்துத்தான் எழுந்திருக்கிறது. அன்று கோடு போட்ட பேரேட்டில் ஒருவர் எழுதியதை இன்று நம் கண்ணில் படாத யாரோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் சரியாக எழுதும் வரை நமக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியப்போவதில்லை.