கண்ணாடி போட்ட சிறுவனின் ஊர்

அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து காரில் தெற்கே போனால், டகோமாவைத் தாண்டியதும் லேக்வுட். இங்குள்ள ஃபோர்ட் ஸ்டிலகம் பூங்காவில் ஏரியைச் சுற்றி நடக்கலாம். ஒரு காலத்தில் இது பக்கத்து மனநல மருத்துவமனையின் பண்ணை.

1960-களின் தொடக்கத்தில் அந்த மருத்துவமனைக்கு மூன்றரை வயது ஆட்டிசச் சிறுவன் வந்தான். கண்புரை ஆபரேஷன் ஆனவன். கண்ணாடி போடாவிட்டால் பார்வையே போய்விடும். அவனோ போட மறுத்தான்.

உளவியலாளர் மான்ட்ரோஸ் உல்ஃப் குழுவினர் படிப்படியாகப் போனார்கள். வெறும் ஃபிரேமைக் கையில் எடுத்தால் ஒரு வாய் தின்பண்டம். கண்ணருகே கொண்டுபோனால் இன்னொரு வாய். கடைசியில் தினமும் 12 மணி நேரம் கண்ணாடி போட்டான்! பெற்றோருக்கும் கற்றுக்கொடுத்தே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

1964-ல் வெளியான இந்த அனுபவம், இன்று ஏபிஏ எனப்படும் நடத்தைப் பயிற்சியின் முன்னோடிகளில் ஒன்று.