மலையிற் பெற்ற கூலி

கூலி என்பது யாது? பிறர்க்கு உழைத்தோர் அவர் கையினின்று பெறுவது என்போம். வண்டி இழுத்த மாட்டிற்கு வைக்கோலும், வயலில் அறுத்தோர்க்கு நெல்லும் அன்றன்றே அளிக்கப்பட்டு வந்தன. மாணாக்கனோ தனக்கே உழைப்பவன். அவனுக்குக் கூலி அளப்போர் யார்? பரீட்சையின் முடிவே அவன் கூலி என்பர் பெரியோர். அஃது ஒருபுறம் உண்மையே. எனினும், முடிவு வருமளவும் உழைப்புக் கூலியின்றிக் கிடத்தல் முறையாகுமோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அதனைத் தீர்த்து வைத்தவை, கொடைக்கானல் மலையில் யான் கழித்த ஓர் இரவும் ஒரு பகலுமே.

கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர், ஈராண்டு ஓர் அரசாங்க உத்தியோகப் பரீட்சைக்குப் படித்து வந்தேன். என் தந்தையார் தையற்காரர். இரவில் அவரது தையல் இயந்திரம் ஓயுமளவும் யானும் விளக்கை அணைப்பதில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், மதுரையில் கடைசி வினாத்தாளை எழுதி முடித்து, ஊருக்குத் திரும்பும்பொருட்டுப் பஸ் நிலையத்தை அடைந்தேன். அங்கே கொடைக்கானல் பஸ் ஒன்று புறப்படுந் தறுவாயில் நின்றது. முன்னேற்பாடு யாதுமில்லை, கையிலிருந்த பணமோ தொள்ளாயிரம் ரூபாய். வீட்டிற்குத் தொலைபேசியிற் பேசினேன்.

“அப்பா, கொடைக்கானலுக்குப் போய் நாளை இரவு வந்து சேருகிறேன்.”

“தேறிய பிறகு போகலாமே, தம்பி?”

“தேறுவது பிறர் கையில் இருக்கிறது, அப்பா. படித்து முடித்தது நான்தானே?”

சற்று நேரம் மறுமொழி இல்லை. பின்பு, “மேலே குளிருமே, துண்டு வைத்திருக்கிறாயா?” என்றார். அதனையே உத்தரவாகக் கொண்டேன்.

வத்தலக்குண்டைக் கடந்து சிறிது தொலைவில் மலைப்பாதை தொடங்குகிறது. வளைவுகள் பெருகப் பெருகக் காப்பித் தோட்டங்களும் மலைவாழையும் தோன்றின. மஞ்சளாற்று அணையின் நீர் கீழே ஒரு கைக்கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. ஆயிரம் மீட்டர் உயருந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்று பூகோள நூலிற் படித்ததை, அன்று என் மேனியே கற்றுக்கொண்டது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரை அடையுமுன் பஸ்ஸின் சாளரங்கள் யாவும் மூடப்பட்டன.

ஓய்வை ஆடம்பரமென்று எண்ணுவோர் அவ்வூரின் வரலாற்றை நினைத்தல் நலம். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் அங்கே வீடு கட்டியது களியாட்டிற்காகவன்று. சமவெளியின் வெப்பமும் நோயும் தம்மவரை மாய்த்து வந்தமையால், எஞ்சியோர் உயிர் தாங்கிப் பணியைத் தொடர்வதற்கே.

மாலையில் ஏரியைச் சுற்றி நடந்தேன். லெவிஞ்சு என்னும் ஆங்கிலேயர் 1863இல் ஓடையை மறித்து அணை கட்டியதால் உண்டான ஏரி அது. ஈராண்டாக, நூலின்றி அமர்ந்த ஒவ்வொரு கணமும், ‘இந்நேரம் ஒரு பாடம் படித்திருக்கலாமே’ என்று என் உள்ளத்தில் ஒரு குரல் இடித்துக்கொண்டிருந்தது. ஏரியைப் பாதி சுற்றுமுன் அக்குரல் அடங்கிற்று. பலர் தங்கும் ஒரு கூடத்தில் கம்பளியைப் போர்த்து அன்றிரவு உறங்கிய உறக்கத்தை இன்றும் மறவேன்.

மறுநாட் காலை, சூரியனை ஆராயும் வானோக்கு நிலையம் அமைந்த குன்றின் பாதையில் நடந்தேன். சூரியப் புள்ளிகளில் வாயு புறநோக்கிப் பாய்தலை எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல், வானம் தெளிந்த நாள்களில் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். ஒருநாட் படம் எதற்கு உதவும் என்பது அன்றே தெரிவதில்லை; ஆயினும் அன்றைய வேலை அன்றே நிறைவுறுகிறது. என் படிப்பும் அத்தகையதே என்று எண்ணி மன அமைதியோடு மலையிறங்கினேன்.

ஆகஸ்டு மாதத்தில் முடிவு வெளிவந்தது. தேறியோர் வரிசையில் என் எண் இல்லை. தந்தையார் தைத்துக்கொண்டிருந்த துணியினின்று கண்ணெடாமலே, “அன்றைக்கு நீ மலைக்குப் போய் வந்தது நல்லதாயிற்று, தம்பி. இன்றைக்குப் போகச் சொன்னால் போகமாட்டாய்” என்றார். அவர் கூறியது முற்றிலும் மெய். தோல்வி வந்து என் உழைப்பைப் பொய்யாக்கவில்லை. பெற்ற கூலியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. சில நாள்களில் மீண்டும் நூல்களைத் திறந்தேன்.

மறுமுறை எழுதிய பரீட்சையின் முடிவு இன்னும் வரவில்லை. எழுதி முடித்த மறுநாளே, கடையை ஒருநாள் மூடச் செய்து, தந்தையாரையும் அம்மலைக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை இரண்டு துண்டுகள் கொண்டுபோனோம்.

மாணவ நண்பர்களே! பரீட்சையின் முடிவை உரியோர் உரிய காலத்தில் அளக்கட்டும். மெய்யாக உழைத்து முடித்த நாளில், உங்கள் உழைப்பிற்கு ஒரு படியேனும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். மலை தொலைவாயின் ஆற்றங்கரையும் போதும்.