மதிப்பீடும் மைதானமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். விளையாட்டரங்கம் கட்டும் வழக்கம் அவர்கள் காலத்தில் இருந்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் ஒரு பழைய விளையாட்டரங்கம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க 7 கோடியே 75 லட்சம் பவுண்டு போதும் என்று முதலில் கணக்கிட்டார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கணக்கு 40 கோடி பவுண்டைத் தாண்டக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசே சொல்லிவிட்டது. அன்றைய தேதியில் புதிய அரங்கின் ஒரு சுவர்கூட எழும்பியிருக்கவில்லை!

எங்கோ இருக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் விடுதியில் கால்பந்துப் பைத்தியங்கள் சிலர் உண்டு. 2028 ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களுக்குக் குறித்திருந்த அரங்குகளில் ஒன்று கழன்றுவிட்டது என்று அவர்கள் புலம்பியபோதுதான் கேஸ்மென்ட் பார்க் என்னும் பெயரே என் காதில் விழுந்தது. பொதுநிதியியல் தாளுக்குக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டிய நேரம் அது. தலைப்பைச் சொன்னதும் எங்கள் பேராசிரியர் சிரித்தார். "எவ்வளவு கூடியது என்று யார் வேண்டுமானாலும் எழுதுவான். கூடிய ஒவ்வொரு தடவையும் யார் கையெழுத்துப் போட்டார் என்று தேடிப் பார்" என்றார். அந்த ஒரு சொல் என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது.

அந்த அரங்கம் 1953-இல் திறக்கப்பட்டது. அயர்லாந்தின் விடுதலைக்காக 1916-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ராஜர் கேஸ்மென்ட்டின் பெயரைத் தாங்கி நிற்பது. அங்கே ஆடப்படுபவை கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும். ஹர்லிங்கை நம் ஊர்ப் பையன்கள் பார்த்தால், ஹாக்கியும் கிரிக்கெட்டும் வாய்க்கால் வரப்பில் சண்டை போட்டுக்கொண்டது போல் இருக்கிறது என்பார்கள். ஆடுபவர்களுக்கு ஊதியம் கிடையாது. ஆசிரியர், தச்சர், மாணவர் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து ஊருக்காக ஆடுகிறார்கள். அந்த ஊர்களில் அரங்கம் என்பது நம் ஊர்த் தேரடி மாதிரி. அது பூட்டிக் கிடந்தால் ஊருக்கே ஒரு கை ஒடிந்தது போல.

வட அயர்லாந்தில் எதைத் தொட்டாலும் இரு சமூகத்தாரின் பழைய பகை குறுக்கே நிற்கும். கால்பந்து, ரக்பி, கேலிக் ஆட்டங்கள் மூன்றுக்குமாகச் சேர்த்து, மூடப்பட்ட மேஸ் சிறைச்சாலை நிலத்தில் ஒரே பெரிய அரங்கம் கட்டலாம் என்று முதலில் திட்டமிட்டார்கள். 2009-இல் அது கைவிடப்பட்டது. பிறகு, 'ஒவ்வொருவருக்கும் ஒன்று' என்று 2011-இல் மாநில அரசு மூன்று அரங்குகளுக்கும் பணம் ஒதுக்கியது. ரக்பி அரங்கம் 2014-இலும் கால்பந்து அரங்கம் 2016-இலும் முடிந்தன. மூன்றாவதான கேஸ்மென்ட் பார்க்குக்கு அரசு 6 கோடியே 25 லட்சம், கேலிக் விளையாட்டுச் சங்கம் 1 கோடியே 50 லட்சம் பவுண்டு என்று பங்கு பிரித்தார்கள். 2013-இல் அரங்கைப் பூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 38,000 பேர் அமரும் அரங்குக்கு அமைச்சரின் அனுமதியும் கிடைத்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மைதானத்தைச் சுற்றி நெருக்கமாக வீடுகள். அவ்வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2014 டிசம்பரில் நீதிமன்றம் அந்த அனுமதி சட்டப்படி செல்லாது என்றது. மறு ஆண்டு, பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் சட்டமன்றக் குழுவின் முன் வந்து, ஆபத்துக் காலத்தில் அத்தனை கூட்டத்தையும் பத்திரமாக வெளியேற்ற முடியாது என்று தாம் பலமுறை எச்சரித்ததாகச் சாட்சி சொன்னார். இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். செலவு கூடியதைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. எத்தனை பேர் உட்காரலாம் என்ற எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, அவர்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்பதைப் பிறகு பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

என் தாய்மாமன் கொத்தனார். இருபத்தைந்து வருடமாக வீடு கட்டுகிறவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எஸ்டிமேட்டு போட்ட அன்னிக்கு மட்டும்தான் அது நெசம், மாப்ளே. ஒரு வருசம் கழிச்சு வந்து அதே ரேட்டுக்கு முடிச்சுக் குடுன்னா, செங்கல்காரன் கேப்பானா, கம்பிக்காரன் கேப்பானா?" என்றார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அதுக்கு மேல, நடுவுல வந்து மாடியில ஒரு ரூமு சேர்த்துக் கட்டுன்னு சொல்லுவாங்க பாரு, அங்கதான் கணக்கு உடையும்" என்று முடித்தார். பாடநூலில் பணவீக்கம் என்றும் திட்ட வரம்பு மாற்றம் என்றும் இரண்டு அத்தியாயங்களில் படித்ததை அவர் ஒரு பீடி அணைவதற்குள் சொல்லிவிட்டார்.

பெல்ஃபாஸ்டில் நடந்ததும் அச்சாக அதுவே. கொஞ்சம் சிறிய அரங்குக்கு 2017-இல் புதிய விண்ணப்பம் போட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேயே அங்கே ஆட்சி கவிழ்ந்திருந்தது. கட்சிகள் முறுக்கிக்கொண்டு நின்றதால் 2020 ஜனவரி வரை, மூன்றாண்டுகள், அமைச்சரவையே இல்லை. அமைச்சர் இல்லாமல் இத்தகைய கோப்பில் யார் முடிவெடுப்பது? ஆட்சி திரும்பியபோது செய்துகொண்ட உடன்பாட்டில் இந்த அரங்கின் பெயரையும் எழுதினார்கள். 2021-இல் அனுமதி வந்தது. மறுபடி வழக்கு, 2022-இல் அது தள்ளுபடி. ஆனால் அதே 2022-இல் ஆட்சி மறுபடி முடங்கி, 2024 பிப்ரவரியில்தான் மீண்டது.

இதற்கிடையே மாமா சொன்ன மாடி அறையும் வந்து சேர்ந்தது. 2023 அக்டோபரில், 2028 ஐரோப்பியக் கோப்பையை நடத்தும் உரிமை பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கிடைத்தது. வட அயர்லாந்தின் சார்பில் குறிக்கப்பட்டது இந்த அரங்கம்தான். உள்ளூர் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு. பன்னாட்டுக் கால்பந்துக்கு இருக்கை முதல் பாதுகாப்பு வரை வேறொரு கணக்கு. போதாக்குறைக்கு 2028 என்னும் கெடு. அவசரத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா? டப்ளினில் உள்ள அயர்லாந்து அரசு 5 கோடி யூரோ தருவதாக 2024-இல் அறிவித்தது. பழைய அரங்கை இடித்து அகற்றும் வேலையும் தொடங்கியது. அந்தச் செப்டம்பரில்தான் லண்டன் அரசு, கெடுவுக்குள் முடிக்க இயலாது, கோப்பைக்காகப் பணம் தர முடியாது என்று கைவிரித்தது.

பேராசிரியர் கேட்ட கையெழுத்தை இந்த நெடுங்கதையில் தேடினேன். சங்கத்துக்குச் சொந்தமான அரங்கம். ஆனால் எங்கள் பங்கு 1 கோடியே 50 லட்சம்தான் என்று சங்கம் நின்றது. மாநில அரசு 2011-இல் ஒதுக்கிய தொகையைச் சுட்டிக்காட்டியது. அதை உயர்த்தினால், எங்கள் ஆட்டத்துக்கும் உயர்த்து என்று மற்றவர்கள் கேட்பார்கள். பெல்ஃபாஸ்ட் லண்டனைப் பார்த்தது. லண்டன், இது உங்கள் பொறுப்பு என்று பெல்ஃபாஸ்டைப் பார்த்தது. யாரும் திருடியதாக நான் எங்கும் படிக்கவில்லை. நம் நாட்டில் செலவு கூடியது என்றவுடன் நாம் ஊழலைத்தான் முதலில் நினைக்கிறோம். இங்கே அதைவிட வழவழப்பான ஒன்று நடந்திருக்கிறது. கூடுதல் செலவு யார் தலையில் விழும் என்பதை முதல் நாளே எழுதி வைக்காததால், தாமதத்தை நிறுத்தும் அவசரம் எவருக்கும் இல்லாமல் போயிற்று. என் கட்டுரையில் இதைத்தான் வாதிட்டேன்; வகுப்பில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்குத் தொடர்ந்தவர்களே காரணம் என்பது அவர்கள் கட்சி. வீட்டு வாசலில் நிற்கிறவனின் அச்சத்தைத் தாமதக் கணக்கில் எழுதுவது சரியென்று எனக்குப் படவில்லை.

கனடாவின் மாண்ட்ரியால் நகரத்துக் கதை இன்னும் பெரிது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 ஒலிம்பிக் பந்தயத்தில் செலவு 720 சதவீதம் மீறியது என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அரங்கின் கடனைப் புகையிலை வரியிலிருந்து அடைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது. பந்தயம் நடந்தபோது பிறக்காதவன் சிகரெட் பிடித்து அதற்குப் பணம் கட்டியிருக்கிறான்!

2025 ஜூனில் லண்டன் அரசு கேஸ்மென்ட் பார்க்குக்கு 5 கோடி பவுண்டு தர முன்வந்தது. செய்தியை மாமாவிடம் சொன்னேன். "மிச்சம்?" என்றார்.

நான் 800 மீட்டர் ஓடுகிறவன். எங்கள் ஊர் விளையாட்டுத் திடலில் புதிய ஓடுபாதை போடுவதற்காகத் தகரம் அடித்து மூடி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் திட்டத் தொகை பளிச்சென்று தெரிகிறது. பணி முடியும் நாள் இருந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு. விடியற்காலையில் நாங்கள் புறவழிச் சாலையோரம் லாரிகளுக்கு ஒதுங்கி ஓடுகிறோம். பெண் பிள்ளைகள் நான்கு பேர் முன்பு எங்களோடு பயிற்சி எடுத்தார்கள். இருட்டில் சாலையில் ஓட வீட்டில் விடமாட்டார்கள், அவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி மாவட்டப் போட்டியில் என்னைவிட நல்ல இடம் பெற்றவள்.

கருத்தரங்கம் முடிந்த மறுவாரம், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்பினேன். முதல் மதிப்பீடு எவ்வளவு, இன்றைய மதிப்பீடு எவ்வளவு, இடையில் உள்ள வேறுபாட்டுக்கு ஒப்புதல் அளித்த அலுவலர் யார் என்று மூன்றே கேள்விகள். முதல் இரண்டுக்கும் எண்கள் வந்தன. மூன்றாவதற்கு, 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்று பதில். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. பன்னிரண்டாம் நாளே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.