இந்த வாரம் என்ன பார்த்தாய்?

புதுவைப் பங்குகளில் நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு இப்போது ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, வந்தாலும் கைபேசியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. இதற்கு மருந்தாக மேடை, வண்ண விளக்கு, கித்தார், வெளியூர்ப் பேச்சாளர். நான் அதையெல்லாம் குறை சொல்லவில்லை. பாட்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேடையில் நிற்பவர் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்ததை நான் பார்த்ததில்லை.

எங்களை ஒருவர் கேட்டார். 1966-இல் எனக்குப் பதினைந்து வயது. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த வயதான பிரெஞ்சுச் சாமியார் ஒருவர், வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் எங்கள் ஆறு பேரைக் கூட்டி உட்காரவைப்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நானும் இன்னொருவனும், ஒரு சைக்கிள் கடைப் பையன், ஓட்டலில் மேசை துடைத்தவன், தையல் பழகியவன், மில்லில் பதிலி வேலைக்குப் போனவன். எங்களுக்குப் பள்ளியில் 'திசிப்ளீன்' என்றால் முழங்கால் போடுவது. 'திசிப்ள்', அதாவது சீடன், என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான், அதற்குக் கற்றுக்கொள்பவன் என்று பொருள் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பூசைக்கு வந்தாயா, ஜெபமாலை சொன்னாயா என்று அவர் தொடங்கமாட்டார். அவருடைய மூக்குத் தமிழில், "இந்த வாரம் என்ன பார்த்தாய்?" என்பார். ஒன்றுமில்லை சாமி என்றால் சும்மா இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் எவனாவது வாய் திறப்பான்.

ஒருநாள் திறந்தவன் மில் பையன். பதிலிகள் விடியற்காலை கேட்டில் நிற்க வேண்டும். வேலைக்கு வராதவர்களின் இடத்துக்கு மேஸ்திரி ஆள் பொறுக்குவார். முதலில் வந்தவனை விட்டுவிட்டு, தன்னைக் 'கவனித்தவனை' உள்ளே விடுவார். மூன்று நாள் நின்று திரும்பியதாகச் சொல்லும்போது அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமி மத்தேயு நற்செய்தியில் 20-ஆம் அதிகாரத்தைப் பிரித்து அவனையே வாசிக்கச் சொன்னார். திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் உவமை. கடைசி மணி வரை சந்தைவெளியில் நிற்கிறவர்களைக் கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்பார்கள் அல்லவா, அந்த இடம். அதை நான் கோயிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நிற்கிறவன் வாசித்துக் கேட்டது அன்றுதான்.

பிறகு, என்ன செய்யலாம் என்றார். பெரிய யோசனை ஒன்றும் தோன்றவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். தினமும் கேட்டுக்கு வருகிறவர்களின் பெயரை வந்த வரிசைப்படி பையன் எழுதினான். யார் உள்ளே போனார்கள் என்பதையும் எழுதினான். எழுத்து தெரியாத பதிலிகளும் 'என் பேரைப் போட்டுட்டியா' என்று தேடி வந்தார்களாம். அந்த நோட்டைச் சங்கத்துக்காரரிடம் காட்ட வேண்டும் என்றபோதுதான் சிக்கல். அது செங்கொடிச் சங்கம். 1936 ஜூலை 30-இல் மில் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டுப் பன்னிரண்டு பேர் செத்த ஊர் இது, வ. சுப்பையாவின் பெயர் சொன்னால் ஒரு வீட்டில் கும்பிடுவார்கள், அடுத்த வீட்டில் கதவைச் சாத்துவார்கள். சாத்துகிற வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. சாமியோ, "நோட்டில் இருப்பது உண்மையா? அப்படியானால் போ" என்று முடித்துவிட்டார். அப்பா இரண்டு வாரம் என்னை வியாழக்கிழமை கூட்டத்துக்கு விடவில்லை.

இரண்டு மூன்று மாதம் வரிசை ஒழுங்காக நடந்தது. பிறகு மேஸ்திரி வேறு வழி கண்டுபிடித்தார் என்று கேள்வி. வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு தலை குனிந்து பேசி நான் பார்த்ததில்லை.

இந்த முறைக்கு ஒரு பெயர் உண்டு: 'வுவார், ழுழே, அழீர்'. பார், தீர்மானி, செய். பெல்ஜியத்தில் 1882-இல் பிறந்த ஜோசப் கார்டைன் என்ற குரு வகுத்தது. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை அந்நியனாகப் பார்த்தார்கள். அந்தக் காயம்தான் அவரை 1925-இல் இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்க வைத்தது. இளைஞனுக்குப் பெரியவர் போதிப்பதைவிட, தொழிலாளி இளைஞனே இன்னொரு தொழிலாளி இளைஞனுக்கு அப்போஸ்தலனாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1961-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் எடுத்துச் சொன்னார். 1965-இல் கர்தினாலான கார்டைன் 1967-இல் இறந்தார். நம் பள்ளிகளில் பலரும் அறிந்த இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் இந்த வழியில் வந்ததுதான்.

மார்செல் காலோ என்ற அச்சகத் தொழிலாளியும் இந்த இயக்கத்துப் பிள்ளை. பிரான்சில் ரென் நகரத்துக்காரர். 1943-இல் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்; அங்கே துவண்டு கிடந்த சக தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தார், அதற்காகவே பிடிபட்டார். 1945 மார்ச்சில் மௌத்தௌசன் முகாமில் செத்தபோது வயது இருபத்துமூன்று. 1987-இல் முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. இப்போது இளையோர் கூட்டங்களில் கார்லோ அக்குத்திஸ் படம் வைக்கிறார்கள்; கணினி தெரிந்த பிள்ளை, பதினைந்து வயதில் இறந்து 2025-இல் புனிதரானவர். நல்லது. பக்கத்தில் காலோ படத்தையும் வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். யார் அவர் என்றார்கள்.

போன வருடம் எங்கள் பங்கில் ஒரு விவாதம் வந்தது. இளையோர் குழுவில் நன்றாகப் பாடும் ஒரு தம்பி, உணவு டெலிவரி வேலைக்குப் போகிறான். சனி, ஞாயிறில்தான் ஆர்டர் அதிகம்; அன்று ஓடாவிட்டால் ஊக்கத்தொகை போய்விடும். ஞாயிறு பூசைக்கு வராதவன் குழுவில் எதற்கு என்றார் ஒரு பெரியவர். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு வரட்டுமே என்றார் இன்னொருவர். சனிக்கிழமை மாலை அவன் எங்கே இருப்பான் என்று அவருக்குத் தெரியவில்லை. ஓட்டல் வாசலில், பார்சலுக்காக நிற்பான். மில்கள் இன்று இல்லை, ஏ.எஃப்.டி. மில்லை 2020-இல் மூடியாயிற்று. நிற்கிற பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள்.

பேரை எடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவான நேரத்தில் நான் எழுந்து, அவனைக் கேட்டீர்களா என்றேன். யாரும் கேட்டிருக்கவில்லை. நான் கேட்கிறேன் என்றேன். குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருடம் மனு வாங்கியவன். எதிரே நிற்கிறவனை உட்காரச் சொல்லிக் கேட்கத் தெரியும்.

அவனுக்கு வேலை ஓய்வது இரவு பதினொரு மணிக்கு மேல். டீக்கடை பெஞ்சில்தான் சந்திப்பு. முதல் நாள், "தாத்தா, கோயிலுக்கு வரச் சொல்லத்தானே வந்தீங்க?" என்றான். இந்த வாரம் என்ன பார்த்தாய் என்றேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மழையில் வண்டி சறுக்கிக் கால் உடைந்த ஒருவனைப் பற்றிச் சொன்னான். ஒரு மாதமாகப் படுக்கை, வருமானம் இல்லை, கேட்க ஆளில்லை. அடுத்த முறை அந்தப் பையனின் கூட்டாளிகள் இருவரையும் கூட்டிவந்தான். ஒருவன் இந்து, ஒருவன் முஸ்லிம்.

மத்திய அரசு 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் இப்போது இந்த மாதிரி வேலை செய்கிறவர்களும் பதிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கென நலவாரியமே அமைத்தார்கள். இவர்கள் மூவருக்கும் இதெல்லாம் புதுச் செய்தி. என் மூக்குக்கண்ணாடியும் அவர்கள் கைபேசியுமாக, முதலில் கால் உடைந்தவன் பெயரைப் பதிந்தோம். ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் வேறு எழுத்து. அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் ஆயிற்று.

பங்குப் பேரவையில் அந்தத் தம்பியின் பெயர் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். அதற்குள் ஒன்பது பேரின் ஆதார் நகல் என் மேசைக்கு வந்துவிட்டது.