தோப்பும் வலையும்

முத்துப்பேட்டைக்காரர்களுக்கு வலை என்றால் மீன் வலைதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகுதான், இணையவலையிலும் பிழைப்புத் தேட ஆரம்பித்தார்கள். புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகுமே, அதுவரை வயிறு பொறுக்குமா? நடுவில் 2020-இல் கொரோனா ஊரடங்கு வேறு.

அது தளர்ந்த சமயம், எதிர்வீட்டுப் பிள்ளை கைப்பேசியுடன் வந்தான். "மாமா, துபாயில் வேலையாம். ஏஜெண்டு ஒன்றரை லட்சம் கேட்கிறார். அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள்."

விளம்பரம் என்னவோ பிரமாதம்தான்! ஆனால் 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஆள் அனுப்புகிறவர் மத்திய சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டணமும் 30,000 ரூபாயும் அதற்குண்டான வரியும்தான். பதிவு பெற்றவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது. இருவரும் தேடினோம். அந்த ஆசாமியைக் காணோம்.

பையனின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு வளையல் தப்பியது. அவனுக்கோ வேலை போயிற்று.

தமிழக அரசு 2020-இல் தொடங்கிய தனியார் வேலைவாய்ப்புத் தளத்தில், காலணாச் செலவில்லாமல் பெயரைப் பதியத் தொடங்கினோம். படிப்பு எழுதியாயிற்று. அடுத்து, முன்அனுபவம்.

"தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியதை எழுதலாமா, மாமா?" என்றான்.