பொலிகாளையை மீட்ட வழக்கு

2022 மார்ச் முதல் வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சில நாட்களிலேயே அதைத் திருத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றுக்கு மட்டுமே தடை என்றது. முதல் உத்தரவு மலையேறிய வேகத்தில் திருத்தம் ஏறவில்லை. ஜவ்வாது மலையின் புதூர்நாட்டுப் பக்கமிருந்து ஒரு மலையாளிப் பழங்குடிப் பெரியவர் திருப்பத்தூருக்கு வழக்கறிஞரான என்னைத் தேடி வந்தது அப்போதுதான். காப்புக்காட்டில் மேய்ந்ததாக அவருடைய ஆறு மாடுகளை வனத்துறையினர் பிடித்துக் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று பொலிகாளை.

"அபராதம் எவ்வளவுன்னாலும் கட்டிடறேங்க ஐயா. காளை மட்டும் முதல்ல வரணும்" என்றார்.

மலைமாடு வளர்ப்பவர்களுக்கு அந்த அவசரம் புரியும். பட்டியில் பிறக்கும் காளைக்கன்றுகளில் காலும் திமிலும் பார்த்து ஒன்றைப் பொலிக்கு விடுவார்கள். மற்றவற்றைக் காயடித்து ஏருக்குப் பழக்குவார்கள், அல்லது விற்பார்கள். சினை ஊசி எட்டாத ஊரில் அடுத்த ஈற்று முழுக்க அந்த ஒரு காளையை நம்பித்தான். பால் சொற்பம். சாமைக் கொல்லைக்கு எருவும் உழவும் கிடைப்பதற்காகவே இந்த மாடு. டிராக்டர் வந்தபின் சந்தைக்கு இறங்குவதில் பெரும்பகுதி இறைச்சிக்குப் போகிறது. அதில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. நம் ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய், 'நெலோர்' என்ற பெயரில் அந்நாட்டின் முதன்மையான இறைச்சி மாடாகப் பெருகியிருக்கிறது. விலை கிடைத்தால் வளர்க்க ஆள் இருப்பார்கள். மேய்ச்சலே இல்லையென்றால் எதைக் கொண்டு வளர்ப்பது?

மாடுகளைக் கட்டியிருந்த இடத்துக்குப் போனேன். முன்னால் போட்டிருந்த நெல் வைக்கோலைக் காளை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பசுவுக்குப் பால் கட்டி மடி கல்லாக இறுகியிருந்தது. அதன் கன்று மலையில் கிடந்தது. இதை அப்படியே மனுவில் எழுதி, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ஆம் பிரிவின்கீழ் இடைக்காலப் பொறுப்பு கேட்டேன். நடுவர் பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு மாடுகளை விடுவித்தார்.

பிறகு மூல வழக்கு. வனத்துறையினர் கையில் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், 21-ஆம் பிரிவு. என் கையில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் 3(1)(டி) பிரிவு, மேய்ச்சலைச் சமூக உரிமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தலைமுறைகளாக மேய்த்ததற்குக் காகிதம் ஏது என்று கேட்பார்கள். 2008-ஆம் ஆண்டு விதிகளில் 13-ஆம் விதி, பெரியவர்களின் வாக்குமூலத்தையும் பாரம்பரிய மேய்ச்சல் இடங்களையும் சான்றாக ஏற்கிறது. பழைய பட்டி போட்ட இடங்களையும் மாடு தண்ணீர் குடிக்கும் ஓடைகளையும் ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

ஆனால் வழக்கு உரிமைக் கேள்விவரை போகவே இல்லை. மாடு பிடிபட்ட இடம் எல்லைக்கல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்பது மகஜரில் இல்லை. குறுக்கு விசாரணையிலும் பதில் வரவில்லை. சந்தேகத்தின் பலனைப் பெற்றுப் பெரியவர் விடுதலையானார். மேய்ச்சல் உரிமை பற்றித் தீர்ப்பில் ஒரு வரி இல்லை. நாளை எல்லைக்கல்லைச் சரியாகக் குறித்த மகஜரோடு யாரையாவது பிடித்தால், இந்தத் தீர்ப்பு அவருக்கு உதவாது.

ஆகவே மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடு பிடிபடும்வரை காத்திருக்காதீர்கள். கிராம சபையைக் கூட்டி, மேய்ச்சல் இடங்களைப் பெயர் சொல்லித் தீர்மானத்தில் எழுதி, சமூக உரிமைக்கான 'பி' படிவத்தைக் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.